பூஜப்புரா சிறை முதல் சூடான் தூதரகம் வரை: வங்கியாளர் மாத்தனின் வாழ்க்கை

புது தில்லி: ஆட்கொணர்வு மனு குறித்த பழைய வழக்குகளைப் புரட்டும் வழக்குரைஞர்கள், மாத்தன் எதிர் திருவனந்தபுரம் மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற வழக்கை அறிவார்கள். லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1939ஆம் ஆண்டு தீர்ப்பளித்த வழக்கு அது. அந்த மாத்தன் யார் என்பது சட்ட நூல்களுக்கு வெளியே இன்று அதிகம் பேசப்படுவதில்லை. திருவனந்தபுரம் சிறையில் கைதியாக இருந்த அவர், பிற்காலத்தில் முதலாவது மக்களவையின் உறுப்பினராகவும் சூடானுக்கான இந்தியத் தூதராகவும் பதவி வகித்தவர்.

சாலக்குழி பௌலோஸ் மாத்தன் எனும் சி.பி. மாத்தன் 1890ஆம் ஆண்டு திருவல்லாவில் பிறந்தார். அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு வங்கி என்ற நிலை இருந்தது. மிளகு, தேங்காய், ரப்பர், தேயிலை என்று பணப் பயிர்களில் கிடைத்த வருவாய் சீட்டு நிறுவனங்களுக்குச் சென்றது. அங்கிருந்து சிறு வங்கிகளுக்கு வந்தது. சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் இத்தொழிலில் முன்னணியில் நின்றன. அவற்றுள் ஒன்றில் பிறந்த மாத்தன், 1919ஆம் ஆண்டு கொல்லத்தில் குயிலான் வங்கியைத் தொடங்கினார். முந்திரியும் ஓடும் கயிறும் ஏற்றுமதியான துறைமுக நகரில் வங்கி வேகமாக வளர்ந்ததில் வியப்பில்லை. மாத்தன் செல்வந்தரானார்.

திருவல்லாவில் 1912ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திருவிதாங்கூர் நேஷனல் வங்கி அதற்கு இணையான போட்டியாளராக இருந்தது. அதை நடத்தியவர் மலையாள மனோரமா நாளிதழின் ஆசிரியர் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை. இரு வங்கிகளும் 1937இல் ஒன்றாக இணைந்து, திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி என்ற பெயரைப் பெற்றன. தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்றாக அது திகழ்ந்தது. நிர்வாகம் சென்னையிலிருந்து நடந்தது. இணைப்பு நடந்து ஓராண்டுக்குள்ளேயே எல்லாம் முடிந்துபோகும் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இரு சி.பி.க்கள்: திருவிதாங்கூரின் திவானாக 1936 அக்டோபரில் பொறுப்பேற்றவர் சர் சி.பி. ராமசுவாமி அய்யர். சென்னையின் புகழ்பெற்ற வழக்குரைஞர். அன்னி பெசன்ட் அம்மையாருடன் ஹோம் ரூல் இயக்கத்தில் நின்று சுயாட்சி கேட்டவர். அவர் பொறுப்பேற்ற அடுத்த மாதமே மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது. அவரது காலத்தில் மின் உற்பத்தியும் தொழில்களும் வளர்ந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் சென்னையில் சுயாட்சி பேசிய அவருக்குத் திருவனந்தபுரத்தில் அந்தச் சொல் பிடிக்கவில்லை.

பொறுப்பாட்சி கோரி 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் உருவானது. பட்டம் தாணு பிள்ளை, டி.எம். வர்கீஸ், சி. கேசவன் முதலியோர் அதன் தலைவர்கள். மனோரமா இந்தக் கோரிக்கையின் பக்கம் நின்றது. போராட்டத்துக்குப் பின்னால் வங்கியின் பணம் இருப்பதாகத் திவான் தரப்பு கருதியது. கிறிஸ்தவ சமூகத்தின் பொருளாதார முதுகெலும்பை முறிக்கவே திவான் வங்கியைக் குறிவைத்தார் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இந்த வழக்காடல் கேரளத்து வரலாற்று நூல்களில் இன்னும் ஓயவில்லை.

வங்கி நொடித்துவிட்டது என்ற பேச்சு பரவியதும் டெபாசிட்தாரர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டு முண்டியடித்தனர். தொடங்கி மூன்றே ஆண்டுகளான ரிசர்வ் வங்கியின் உதவி கிடைக்கவில்லை. 1938 ஜூனில் வங்கி தனது கதவுகளை மூடியது. பின்னர் கலைக்கப்பட்டது.

வங்கியின் பக்கம் தவறே இல்லை என்று கூறுவது மிகையாகும். கூடுதல் வட்டிக்கு டெபாசிட் வாங்கி, எளிதில் திரும்பாத கடன்களில் முடக்கும் பழக்கம் அக்கால திருவிதாங்கூர் வங்கிகள் பலவற்றுக்கும் இருந்தது. ஆயினும் ஒரு வங்கி தள்ளாடும்போது அதைத் தாங்கிப் பிடிப்பதா, தள்ளிவிடுவதா என்பது ஆட்சியாளரின் முடிவு. திருவனந்தபுரத்தில் எடுக்கப்பட்ட முடிவில் அரசியல் இல்லை என்று நம்புவது கடினம். அதே ஆண்டு செப்டம்பரில் மனோரமா அலுவலகத்துக்கும் சீல் வைக்கப்பட்டது. இரு தரப்பின் மோதலில் சேமிப்பை இழந்து நின்றவர்கள் சிறு விவசாயிகளும் விதவைகளும் ஓய்வூதியர்களும்தான்.

சென்னையில் கைது: 1938 அக்டோபரில் மாத்தன், மாம்மன் மாப்பிள்ளை, அவருடைய சகோதரர் கே.சி. ஈப்பன் உள்ளிட்டோர் சென்னையில் கைது செய்யப்பட்டனர். அதே மாதத்தில்தான் அக்கம்மா செறியான் தலைமையில் திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து அரண்மனை நோக்கி மாபெரும் பேரணி சென்றது.

இங்குதான் வழக்கு தொடங்குகிறது. சென்னை பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி. திருவிதாங்கூரோ சுதேச சமஸ்தானம். ஓர் ஆட்சி எல்லையிலிருந்து மற்றோர் எல்லைக்கு ஆளை ஒப்படைக்க 1903ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டம் இருந்தது. அதன்படி, பிரிட்டிஷ் அரசின் அரசியல் பிரதிநிதி பிறப்பிக்கும் வாரண்ட் ஒன்றே ஆளைக் கைது செய்து அனுப்பப் போதுமானதாக இருந்தது. திவானுக்கும் தங்களுக்கும் இடையே உள்ள பகை ஊரறிந்தது. திருவனந்தபுரத்தில் நியாயமான விசாரணை கிடைக்காது என்று வங்கியாளர்கள் அஞ்சினர். சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர்.

உயர் நீதிமன்றத்தின் முன் எழுந்த கேள்வி மிக நுட்பமானது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 491ஆவது பிரிவு, காவலில் உள்ளவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்த உத்தரவிடும் அதிகாரத்தை அளித்தது. அதற்கும் முன்பே, 1801இல் சென்னையில் அமைக்கப்பட்ட பழைய சுப்ரீம் கோர்ட், இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபுப்படி ஹேபியஸ் கார்ப்பஸ் ரிட் பிறப்பித்து வந்தது. அந்த நீதிமன்றத்தின் வாரிசுதான் உயர் நீதிமன்றம். 491ஆவது பிரிவு வந்த பிறகும் அந்தப் பழைய அதிகாரம் உயிருடன் இருக்கிறதா என்பதே கேள்வி. உயிருடன் இருந்தால் வங்கியாளர்களுக்கு மற்றொரு வாசல் திறக்கும்.

இல்லை என்றது சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு. சட்டம் எழுதப்பட்டபோதே பழைய அதிகாரம் அதற்குள் அடங்கி மறைந்துவிட்டது என்பது அதன் முடிவு. மாத்தன் பிரிவி கவுன்சில் வரை சென்றார். 1939இல் அங்கும் அதே பதில்தான். இந்தியாவின் தனிமனித சுதந்திரம், சட்டமன்றம் எழுதிய ஒரு பிரிவின் அளவுக்குள் சுருங்கியது. அந்தப் பிரிவை நாளை ஒரு சட்டமன்றம் நீக்கினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை கிடைக்க 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரிட் அதிகாரத்தை 32, 226 ஆகிய இரு பிரிவுகளில் அரசமைப்புச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்தது அரசியல் நிர்ணய சபை.

கைதானவர்கள் திருவிதாங்கூரிடம் ஒப்படைக்கப்பட்டனர். திருவனந்தபுரத்தில் விசாரணை நடந்தது. சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பூஜப்புரா மத்திய சிறையில் மாத்தன் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். ஈப்பன் காவலிலேயே உயிரிழந்தார். குடும்பங்களின் சொத்துகள் போயின. மாம்மன் மாப்பிள்ளையின் மகன்களுள் ஒருவர் 1946இல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் தயாரிக்கத் தொடங்கினார். அதுவே பிற்காலத்து எம்.ஆர்.எப். டயர் நிறுவனம். வங்கியின் வீழ்ச்சி தமிழகத்துக்குத் தந்த எதிர்பாராத வரவு அது எனலாம்.

நாடாளுமன்றத்தில்: 1947 ஜூலையில் திருவனந்தபுரத்தில் இசை விழா ஒன்றில் வெட்டுப்பட்டு உயிர் தப்பிய சர் சி.பி., ஆகஸ்டில் பதவி விலகினார். நவம்பரில் மனோரமா மீண்டும் வெளிவந்தது. காற்று திசை மாறியது. 1952ஆம் ஆண்டின் முதலாவது பொதுத்தேர்தலில் திருவல்லா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்ற மாத்தன் வெற்றி பெற்று தில்லி வந்தார். அப்போது அவருக்கு வயது 62.

அந்த அவையில் திருவிதாங்கூர் - கொச்சியிலிருந்து வந்த உறுப்பினர்களின் வரிசை சுவையானது. திருவனந்தபுரத்தில் சுயேச்சையாக வென்ற ஆனி மஸ்கரீன், திவான் ஆட்சியில் சிறை கண்டவர். நாகர்கோவிலில் வென்ற மார்ஷல் நேசமணி, தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்துடன் இணைக்கப் போராடியவர். மொழிப் பிரச்சினையில் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்தவர்களும் ஒரே அவையில் அமர்ந்திருந்தனர். தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டிப்பது குறித்து 1952இல் அனல் பறக்க விவாதித்ததும் அந்த அவைதான். விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டத்துக்கு ஆதரவாக நின்ற ஆளுங்கட்சியில், ஆட்கொணர்வு மனுவில் தோற்றுச் சிறை சென்ற ஒருவர் இடம்பெற்றிருந்தார் என்பது அந்நாளைய அரசியலின் விசித்திரங்களுள் ஒன்று. இம்பீரியல் வங்கி 1955இல் ஸ்டேட் வங்கியானதும், 1956இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானதும் அவர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான்.

1957 தேர்தலில் திருவல்லா தொகுதியை இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் பி.கே. வாசுதேவன் நாயர் கைப்பற்றினார். திருவனந்தபுரத்தில் இ.எம்.எஸ். அமைச்சரவை பொறுப்பேற்றது. மாத்தனின் பாதை அப்போது வெளிநாட்டுக்குத் திரும்பியது. சூடானுக்கான இந்தியத் தூதராக நேரு அரசு அவரை அனுப்பியது.

சூடான் 1956 ஜனவரி 1ஆம் தேதி விடுதலை பெற்ற இளம் நாடு. அங்கு 1953இல் நடந்த முதல் தேர்தலை நடத்திக் கொடுத்த ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் இந்தியத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். இந்திய ஆலைகள் சூடானின் நீள இழைப் பருத்தியை வாங்கின. இரண்டாம் உலகப் போரில் ஆப்பிரிக்கப் போர்முனையில் போரிட்ட இந்திய வீரர்களின் நினைவாக சூடான் வழங்கிய நிதியில் எழுந்த சூடான் பிளாக் கட்டடம், 1959இல் கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்புப் பயிற்சிக் கழகத்தில் திறக்கப்பட்டது. 1958 நவம்பரில் ஜெனரல் அபூத் ராணுவப் புரட்சி செய்து கார்ட்டூமில் ஆட்சியைப் பிடித்தார். விடுதலை பெற்று மூன்று ஆண்டு நிறைவதற்குள் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.

மாத்தன் 1960இல் காலமானார்.

அவர் பெயர் தாங்கிய தீர்ப்போ ஓய்வு பெறவில்லை. 1962 அவசரநிலையின்போது இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சிறைவைக்கப்பட்டவர்கள் தொடுத்த மக்கன் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் அதை எடுத்துப் பார்த்தது. பழைய பொதுச் சட்ட ரிட் இனி இல்லை என்பதை ஏற்று, 491ஆவது பிரிவின் வழியும் அடைபட்டதாக முடிவு செய்தது. 1973ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இடம்பெறவில்லை.

வங்கியின் வீழ்ச்சிக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. அதையடுத்து ரிசர்வ் வங்கி 1939இல் தனி வங்கிச் சட்டம் தேவை என்று அரசுக்கு எழுதியது. உலகப் போர் குறுக்கிட்டதால் பத்து ஆண்டுகள் கழித்து, 1949இல்தான் வங்கி நிறுவனங்கள் சட்டம் வந்தது. மாத்தன் மறைந்த அதே 1960ஆம் ஆண்டு ஆகஸ்டில், அவருடைய சொந்த ஊருக்கு வெகுதொலைவில் இல்லாத பாலாவில் இயங்கிய பாலா சென்ட்ரல் வங்கியை மூட ரிசர்வ் வங்கி நீதிமன்றத்தை அணுகியது. மீண்டும் மத்திய திருவிதாங்கூர். மீண்டும் சிறு சேமிப்பாளர்களின் கண்ணீர். இம்முறை நாடாளுமன்றம் விரைந்து செயல்பட்டது. 1961இல் டெபாசிட் காப்பீட்டுக் கழகச் சட்டம் நிறைவேறியது. 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட்தாரர் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பீடு கிடைத்தது. 2020 பிப்ரவரியில் அந்த வரம்பு 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.