மேரி லிங்கன் பட்ட பாடு

ஆபிரகாம் லிங்கனைத் தெரியாதவங்க நம்ம பள்ளியில் யாரும் இருக்க மாட்டீங்க. மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாகச் சொல்லும் கடிதத்தைப் பல பள்ளிகளில் சட்டம் போட்டு மாட்டியிருப்பாங்க. (அதை லிங்கன்தான் எழுதினார் என்பதற்கு ஆதாரம் கிடையாது, அது வேற கதை.) ஆனால் அந்தப் பிள்ளையைப் பெத்த அம்மா பேரைக் கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம். அவர் பெயர் மேரி டாட் லிங்கன்.

1818-ல் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் வசதியான வீட்டில் பிறந்தார். ஆறு வயசிலேயே அம்மா இறந்துவிட்டார். நல்ல படிப்பு, பிரெஞ்சு மொழி பேசுவார், அரசியல் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். லிங்கன் மரக்குடிசையில் பிறந்து வக்கீலானவர். அக்கா வீட்டில் அந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. ஆனாலும் 1842-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் அதே அக்கா எலிசபெத் வீட்டுக் கூடத்தில்தான் கல்யாணம் நடந்தது.

நாலு ஆண் பிள்ளைகள். ராபர்ட், எடி, வில்லி, டாட். எடி 1850-ல் நாலு வயசு முடியும் முன்பே போய்விட்டான். லிங்கன் ஜனாதிபதி ஆனதும் குடும்பம் வெள்ளை மாளிகைக்குப் போனது. அங்கேயும் நிம்மதி இல்லை. 1862-ல் பதினொரு வயசு வில்லி டைபாய்டில் இறந்தான். மாளிகைக்கு வந்த ஆற்றுத் தண்ணீர் அசுத்தமாக இருந்ததுதான் காரணம் என்கிறார்கள். ஜனாதிபதி வீடாக இருந்தால் என்ன, கெட்ட தண்ணி கெட்ட தண்ணிதானே.

மேரி வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழவில்லை. வில்லி இறந்த அறைக்குள் அதன் பிறகு கால் வைக்கவே இல்லை. ஆவியோடு பேச வைக்கிறோம் என்று வந்தவர்களை நம்பி, மகனோடு பேசலாம் என்று உட்கார்ந்தார். இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 2004 சுனாமியில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, கரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அம்மாக்களைக் காசிமேட்டுப் பெரியவங்க கண்ணால் பார்த்திருக்காங்க.

அப்போது உள்நாட்டுப் போர் வேறு. மேரியின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் சிலர் எதிர்ப் படையில் சேர்ந்து செத்தார்கள். அழுதால் துரோகி என்பார்கள், அழாமல் இருக்கவும் முடியாது. துணைக்கு இருந்தவர் எலிசபெத் கெக்லி என்ற தையல்காரர். அடிமையாக இருந்து, காசு கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்ட கறுப்பினப் பெண். அவருடைய ஒரே மகனும் அந்தப் போரில்தான் இறந்தான்.

1865 ஏப்ரல் 14. போர் முடிந்த சந்தோஷத்தில் இரண்டு பேரும் நாடகம் பார்க்கப் போனார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே லிங்கனைச் சுட்டுவிட்டான் ஒருவன். மறுநாள் காலையில் உயிர் பிரிந்தது. உடலை ரயிலில் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், வில்லியின் பெட்டியும் கூடவே போனது. (நம்ம ராயபுரம் ஸ்டேஷன் திறந்து ஒன்பது வருஷம் ஆன சமயம் அது.) அந்த ரயிலில் மேரி இல்லை. எழுந்து நிற்கக்கூட முடியாமல் வாஷிங்டனிலேயே ஐந்து வாரம் கிடந்தார். அதன் பிறகு கடைசி வரை கறுப்பு உடைதான்.

கடன் தொல்லை வந்தது. 1867-ல் தன் பழைய உடைகளை நியூயார்க்கில் விற்கப் பார்த்தார். பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. ஒரு நாட்டுத் தலைவரின் மனைவி பழைய துணி விற்கலாமா என்று கேட்டவர்கள் பலர். விற்கிற நிலைமை ஏன் வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. 1870-ல்தான் வருஷத்துக்கு 3,000 டாலர் பென்ஷன் கிடைத்தது. மறு வருஷமே கூடவே இருந்த டாட், 18 வயசில் இறந்தான். மிச்சம் ராபர்ட் ஒருவர்தான்.

இதன் பிறகுதான் நோய் முற்றியது. குரல்கள் கேட்டன. வீடே இல்லாதவர் திரைச்சீலையாக வாங்கிக் குவித்தார். 50,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள பத்திரங்களைப் பாவாடைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு நடந்தார். 1875-ல் ஃபுளோரிடாவில் இருந்தபோது, ராபர்ட் சாகக் கிடப்பதாகத் திடீரென்று தோன்ற, தந்தி மேல் தந்தி அடித்துச் சிகாகோவுக்கு ஓடி வந்தார். வந்து பார்த்தால் மகன் நல்லாத்தான் இருந்தார்.

அதே வருஷம் மே 19. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் ஓட்டலில் இருந்து கோர்ட்டுக்கு அழைத்துப் போனார்கள். வழக்குப் போட்டதே ராபர்ட். அம்மாவுக்கு வக்கீல் வைத்ததும் அவரேதான்! அந்த வக்கீல் மேரிக்காக ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிடவில்லை. அவரைப் பரிசோதிக்காத டாக்டர்கள்கூடச் சாட்சி சொன்னார்கள். ராபர்ட் அழுதுகொண்டே சாட்சி சொன்னார், அந்த அழுகை பொய் என்று நான் நினைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்கள் கொண்ட ஜூரி, சீக்கிரமே பைத்தியம் என்று சொல்லிவிட்டது. மேரி விஷ மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் புத்திசாலி, ஒன்றும் செய்யாத தண்ணி மருந்தைக் கொடுத்து அனுப்பினார்.

பட்டேவியா என்ற ஊரில் தனியார் மனநல விடுதியில் சேர்த்தார்கள். அங்கிருந்தே கடிதங்கள் எழுதினார் மேரி. உதவிக்கு வந்தவர் மைரா பிராட்வெல். சட்டம் படித்தும், பெண் என்பதற்காக வக்கீல் உரிமம் மறுக்கப்பட்டவர். அவர் பத்திரிகைகள் வரை விஷயத்தைக் கொண்டுபோனதால் நாலு மாசத்துக்குள் மேரி வெளியே வந்து அக்கா வீட்டுக்குப் போனார். 1876-ல் இன்னொரு ஜூரி அவர் தெளிவாக இருப்பதாகச் சொன்னது.

அவருக்கு வந்தது என்ன நோய் என்று இன்றைக்கும் டாக்டர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. வைட்டமின் குறைவால் வரும் ரத்தசோகை என்றுகூட ஒருவர் எழுதியிருக்கிறார். நாமோ கோபத்தில் ஒருத்தன் கத்தினாலே கீழ்ப்பாக்கம் கேஸ் என்று முடித்துவிடுகிறோம். அந்த ஆஸ்பத்திரி 1794-ல் தொடங்கி நடக்கிறது. குணமாகி வீட்டுக்குப் போய் வேலை பார்க்கிறவங்க நிறைய. இந்தியாவில் 2017-ல் வந்த மனநலச் சட்டப்படி, தன்னைச் சேர்த்தது சரியில்லை என்று நோயாளியே முறையிடலாம். மேரிக்கு அந்த வழி சுலபமாக இல்லை.

மகன் மறுபடி ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவாரோ என்ற பயத்தில் பிரான்ஸுக்குப் போய் நாலு வருஷம் தனியாக இருந்தார். கீழே விழுந்து முதுகில் அடிபட்டு 1880-ல் திரும்பினார். 1882 ஜூலை 16-ல், கல்யாணம் நடந்த அதே அக்கா வீட்டில் இறந்தார். லிங்கன், எடி, வில்லி, டாட் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். ராபர்ட் 1926 வரை வாழ்ந்தார். அவருடைய கல்லறை மட்டும் அங்கே இல்லை, வாஷிங்டன் பக்கத்தில் ஆர்லிங்டனில் இருக்கிறது.