கிருஷ்ணநகரத்து விகடகவி

நமக்குத் தெனாலிராமன் எப்படியோ, வங்காளிகளுக்குக் கோபால் பார் அப்படி. 2015-ல் ஆரம்பித்த தொலைக்காட்சி கார்ட்டூன் தொடரில் தொந்தியும் தொப்பையுமாக வருகிறவர் இவர்தான். ‘பார்’ என்பது குலப்பெயரல்ல. விதூஷகன் என்று அர்த்தம்.

நதியா சமஸ்தானத்து மகாராஜா கிருஷ்ணசந்திரரின் (1710-1783) சபையில் இருந்தவர், நாவிதர் குலம் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. படிப்பு சொற்பம், புத்தி அபாரம். கதைகளில் இவரிடம் மூக்கறுபடுகிறவர்கள் பெரும்பாலும் பிராமண பண்டிதர்களே. நாமும் சேர்ந்து சிரித்துவிட வேண்டியதுதான்!

எனக்குப் பிடித்த கதை ஒன்று. பல பாஷைகளில் சரளமாகப் பேசும் வித்வான் ஒருவர் சபைக்கு வந்தார். அவருடைய தாய்மொழி எது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் கோபால் வாசலில் ஒளிந்து நின்று, வந்தவரை ஓங்கி இடித்துத் தள்ளினார். விழுந்த வேகத்தில் வித்வானின் வாயிலிருந்து வந்த வசவு சுத்தமான ஒரியா! நம் அகத்துக் குழந்தைகள் கால் இடறினால் எந்த பாஷையில் அலறுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? என் பேரன் வங்காளியில்தான் அலறுகிறான்.

இதே கதையைப் பீர்பால் பெயரிலும் சொல்கிறார்கள். அதனால்தான் கோபால் என்று ஒருவர் இருந்தாரா என்ற சந்தேகம் எழுகிறது. அந்தச் சபையின் ஆஸ்தான கவி பாரதசந்திரர் 1752-ல் இயற்றிய அன்னதாமங்கலில் மகாராஜாவின் சபையை விஸ்தாரமாக வர்ணிக்கிறார். அதில் கோபால் பெயரே இல்லை. சங்கர் தரங்க என்ற அந்தரங்கத் தோழர் பெயர் இருக்கிறது. அவர்தான் ஜனங்கள் வாயில் கோபாலாகிவிட்டார் என்பாரும் உண்டு. தெனாலிராமனுக்காவது பாண்டுரங்க மாஹாத்மியம் என்ற தெலுங்குக் காவியம் சாட்சி நிற்கிறது. கோபால் எழுதியதாக ஒரு வரி கூடக் கிடையாது. வாய்வழியாக வந்த கதைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தா பட்தலா அச்சகங்கள் மலிவு விலைப் புத்தகங்களாகப் போட்டுப் பரப்பின. நகேந்திரநாத் தாஸ் என்பவர் மட்டும் தாம் கோபாலின் வம்சம் என்று புத்தகமே எழுதினார்.

கோபால் ஒரே ஆளாக இருந்திருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதைக் கிருஷ்ணநகரில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்! சீல்டாவிலிருந்து சுமார் 100 கி.மீ., லோக்கல் வண்டியிலேயே போகலாம். களிமண் பொம்மைக்குப் பேர்போன கூர்ணியில் அவருக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்.