பத்து கோல், பத்து வருஷம்



ஜவ்வாது மலைக்கு டூர் போனவங்க கிட்ட கேட்டா, பீமன் அருவி, காவலூர் தொலைநோக்கி, ஜமுனாமரத்தூர் படகுத்துறைன்னு லிஸ்ட் சொல்வாங்க. அடுத்த தடவை போகும்போது சாயங்காலம் அங்கிருக்கிற ஏதாவது ஒரு பள்ளி மைதானம் பக்கம் நின்னு பாருங்க. செம்மண் தரையில, வெறுங்காலோட, ஒரே பந்து பின்னாடி பசங்க மொத்தமா ஓடிட்டு இருப்பாங்க. ஓரத்துல விசிலோட ஒரு பி.டி. சார் நிப்பார். அவரை நாம கவனிக்கவே மாட்டோம். இந்தக் கதை அவரை மாதிரி ஒருத்தரைப் பத்தியது.

பெயர் சையத் அப்துல் ரஹீம். 1909 ஆகஸ்ட் 17ல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அதன் கால்பந்து அணிக்கு ஆடினார். படிப்பு முடிந்ததும் பள்ளி ஆசிரியர் ஆனார். பிறகு உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கினார். கடைசி வரைக்கும் எல்லோருக்கும் அவர் 'ரஹீம் சாப்'. நம்ம ஊரில் 'வாத்தியார்' என்று சொல்வோமே, அதே மரியாதை.

1943ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே அவர் நடத்திய போட்டிகளைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு போட்டியில் டிரிப்ளிங் பண்ணக் கூடாது. பந்து வந்ததும் பாஸ் கொடுத்தே ஆகணும். இன்னொன்றில் பழகாத காலால் மட்டும்தான் அடிக்கணும். கை கட்டிப்போட்டு சமைக்கச் சொல்ற மாதிரி இல்ல? ஆனா காரணம் இருந்தது. அன்றைக்கு நம்ம ஆட்டக்காரர்களுக்குத் தனித்திறமைக்குக் குறைவே இல்லை. பந்து கிடைத்தால் நாலு பேரை ஏமாற்றிவிட்டு ஐந்தாவது ஆளிடம் பறிகொடுத்து நிற்பார்கள். பக்கத்தில் ஒருத்தன் சும்மா நிற்கிறான் என்பது கண்ணில் படாது. அந்தப் பழக்கத்தைப் பேசி மாற்ற முடியாது, விதியை மாற்றினால் தானாக மாறும் என்று அவர் நம்பினார்.

அது வேலை செய்தது. அவர் பயிற்சி கொடுத்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து தடவை ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கியது. இந்திய அணியும் அவர் கைக்கு வந்தது. 1951ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஈரானை 1-0 என்று வென்று தங்கம்.

அடுத்த வருஷம் விழுந்தது அடி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். எதிரே யுகோஸ்லாவியா. நம்ம ஆட்கள் பலர் அந்தக் குளிரில் வெறுங்காலோடு இறங்கினார்கள். ஸ்கோர் 10-1.

ஒரு பேப்பரில் அரியர் விழுந்தாலே நாம எத்தனை காரணம் சொல்றோம்! கேள்வித்தாள் கஷ்டம், திருத்தினவர் சரியில்ல, ஹால்ல ஃபேன் ஓடல. பத்து கோல் வாங்கிய அணியின் கோச்சுக்கும் காரணங்கள் கைவசம் இருந்தன. ரஹீம் தன் பாடத்திட்டத்தையே மாற்றினார். பூட்ஸ் கட்டாயமானது. ஐரோப்பிய அணிகள், குறிப்பாக அந்த ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்ற ஹங்கேரி, எப்படி இடம் மாறி மாறி ஆடுகின்றன என்பதை நம்ம அணிக்குள் கொண்டு வந்தார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வீழ்த்தினோம். நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்தார். அரையிறுதியில் அதே யுகோஸ்லாவியா, மறுபடியும் தோல்வி. ஆனால் இந்த முறை 4-1. கடைசியில் நாலாவது இடம். ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் இந்தியா தொட்ட உச்சம் இன்றைக்கும் அதுதான். 1960 ரோமில் பிரான்ஸை 1-1 என்று நிறுத்தினோம், ஆனால் முதல் சுற்றைத் தாண்ட முடியவில்லை.

பிறகு 1962 ஜகார்த்தா. ரஹீமின் உடம்பைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்த காலம். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்றோம், ஆனால் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல். வேறொரு கோச் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை அரையிறுதியில் முன்வரிசைக்கு அனுப்பினார். தலையில் கட்டோடு ஆடிய ஜர்னைல் கோல் அடித்தார்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே அதே தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு விடாததை இந்திய அதிகாரி ஒருவர் எதிர்த்துப் பேசியதால், அரங்கம் முழுக்க நம்ம மேல கோபம். ஆட்டத்துக்கு முன்னாடி ரஹீம் தன் பையன்களிடம் தனக்குப் பரிசாகத் தங்கம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். 20 நிமிஷத்துக்குள் பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. கோல் கம்பத்தில் தங்கராஜ். நம்ம வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் ஆடியவர். கொரியா கடைசியில் ஒன்று அடித்தது, அவ்வளவுதான். 2-1. தங்கம்.

பத்து கோல் வாங்கி சரியாகப் பத்து வருஷம்.

ஒன்பது மாசம் கழித்து, 1963 ஜூன் 11ல் ரஹீம் இறந்தார். வயது 53. சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது தொடங்கியதே 1985ல்தான். 2024ல் 'மைதான்' படம் வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரியும். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் 1970ல் ஒரு வெண்கலம் கிடைத்தது. தங்கம் அதற்கப்புறம் வரவே இல்லை.

திறமையான ஆட்டக்காரர்கள் பிறகும் வந்தார்கள், இப்பவும் இருக்காங்க. தோற்ற ஆட்டத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டு பத்து வருஷம் பொறுமையா உட்காரும் வாத்தியார் கிடைப்பதுதான் அரிது.

அதனால ஜவ்வாது மலை ஏறினால், அந்த மைதானத்து ஓரத்தில் ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க. பந்தை மட்டும் பார்க்காதீங்க, விசில் வெச்சிருக்கிறவரையும் பாருங்க.