ஆல்பிரட் வெகெனர்

ஆல்பிரட் வெகெனர் (நவம்பர் 1, 1880 - நவம்பர் 1930) ஒரு ஜெர்மானிய வானிலையியலாளரும் புவியியற்பியலாளரும் ஆவார். கண்டப்பெயர்ச்சிக் கொள்கையை முன்வைத்தமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

பெர்லினில் பிறந்த வெகெனர் 1905 இல் வானியலில் முனைவர் பட்டம் பெற்றார். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா ஆகியவற்றின் கரையோரங்கள் பொருந்துவதையும், இரு கண்டங்களிலும் ஒரே வகைப் புதைபடிவங்கள் காணப்படுவதையும் சான்றாகக் கொண்டு, கண்டங்கள் யாவும் முன்னர் ஒரே நிலப்பரப்பாக இருந்து பிரிந்தன என 1912 இல் விளக்கினார். 1915 இல் இதனை நூலாகவும் வெளியிட்டார். எனினும், கண்டங்களை நகர்த்தும் விசையை இவரால் நிறுவ இயலாததால், பெரும்பாலான புவியியலாளர்கள் இதனை ஏற்கவில்லை.

1930 இல் கிரீன்லாந்தின் நடுவிலிருந்த ஆய்வு நிலையத்துக்குச் சென்று திரும்புகையில் பனிவெளியில் இறந்தார். 1960களில் கடற்தளம் விரிவடைவது அறியப்பட்ட பின்னரே, கண்டங்கள் தனித்தன்றி, கடற்தளத்தையும் உள்ளடக்கிய புவித்தட்டுகளோடு சேர்ந்து நகர்கின்றன என்பது ஏற்கப்பட்டது.