துப்பறியும் கதைக்கு வித்திட்ட எட்கார் அலன் போ

இலக்கண வகுப்பிலே நன்னூலுக்கடியில் வேறொரு நூலை ஒளித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்த மாணாக்கன் ஒருவனைச் சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கையுங்களவுமாகப் பிடித்தேன். அட்டையிலே குருதி சொட்டும் கத்தியொன்று வரையப்பட்டிருந்தது. பறித்து மேசை இலாச்சியுட் போட்டேன். துப்பறியும் கதைகள் இளைஞர் நெஞ்சைக் கெடுக்கும் நஞ்சென்று மேடைதோறும் முழங்கியவன் நான். நஞ்சின் இயல்பை அறிந்தே கண்டிப்போம் என்றெண்ணி அன்றிரவு விளக்கடியில் அதனைப் புரட்டினேன். சேவல் கூவும்வரை எழுந்தேனல்லேன். அஃது எட்கார் அலன் போ என்பாரின் கதைகள் சிலவற்றின் தமிழாக்கம்.

இத்துறையில் எந்நூலை முதலிற் படிப்பது என வினவும் அன்பர்க்கு நான் அவர் பெயரையே கூறுவேன். கதைகளை அறியுமுன் அவர்தம் வாழ்வை அறிதல் நன்று.

போ, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 1809ஆம் ஆண்டு தை மாதம் 19ஆந் திகதி பிறந்தார். தாய் தந்தையர் இருவரும் நாடக நடிகர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டகன்றார். தாய் 1811இல் இறந்தார். மூன்று வயதும் நிரம்பாத குழந்தையை றிச்மண்ட் நகரப் புகையிலை வணிகரான ஜோன் அலன் என்பவர் வளர்த்தார். வளர்த்தாரேயன்றிச் சட்டப்படி மகனாக ஏற்றாரல்லர். ‘அலன்’ என்னும் பெயர் மாத்திரம் ஒட்டிக்கொண்டது. 1826இல் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகம் புகுந்த போ, சூதாடிக் கடன்பட்டார். வளர்ப்புத் தந்தை கடனிறுக்க மறுத்தார். அடுத்த ஆண்டு பொய்ப்பெயர் பூண்டு படையிற் சேர்ந்தார். அவ்வாண்டே தம் முதற் கவிதை நூலையும் பெயர் மறைத்து வெளியிட்டார். அச்சிட்ட படிகள் 50 அளவே என்பர். பின்னர்ச் சேர்ந்த இராணுவக் கல்லூரியினின்று 1831இல் நீக்கப்பட்டார். 1834இல் அலன் இறந்தபோது அவர்தம் இறுதிமுறியிற் போவுக்கு ஒரு காசும் இல்லை.

இனி எழுத்தே பிழைப்பு. சஞ்சிகைதோறும் ஆசிரியப் பணி, பணிதோறும் பிணக்கு. பிறர் நூல்களை அவர் திறனாய்ந்த முறை கோடரி கொண்டு பிளப்பது போன்றது. அதனாற் பகைவர் பெருகினர். 1836இல் தம் அத்தை மகள் வேர்ஜீனியாவை மணந்தார். அவளுக்கு வயது 13, அவருக்கு 27. இதனை நான் நியாயப்படுத்த முயலேன். ஆயினும் அவள்மீது அவர் கொண்ட அன்பு மெய்யானதென்பதில் ஐயமில்லை.

1841ஆம் ஆண்டு சித்திரை மாதம், பிலடெல்பியாவில் தாம் ஆசிரியராயிருந்த சஞ்சிகையில் ‘மோர்க் வீதிக் கொலைகள்’ என்னும் கதையை வெளியிட்டார். உட்புறம் பூட்டிய அறையிலே நிகழ்ந்த கொலை. திகைத்து நிற்கும் காவலர். சிதறிய செய்திகளைக் கோத்து உண்மை காணும் டுப்பன் என்னும் அறிஞர். வியந்து கதை கூறும் நண்பர். இன்று பல்லாயிரம் நாவல்களிற் காணும் கட்டுக்கோப்பு இதுவன்றோ! டுப்பன் என்னும் பெயரிலே நம் ‘துப்பு’ ஒலிக்கின்றதென மகிழும் சொல்லாராய்ச்சிக்காரரும் இருப்பர். அது வெறும் ஒலியொப்புமை. நான் அந்த ஆட்டத்துக்கு வரேன்.

அதே ஆண்டு நியூயோர்க்கில் மேரி றோஜர்ஸ் என்னும் இளம்பெண் பிணமாக ஆற்றிற் கிடந்தாள். பத்திரிகைச் செய்திகளையே சான்றாகக் கொண்டு, களத்தைப் பாரிஸ் நகருக்கு மாற்றி, டுப்பனைக் கொண்டு அவ்வழக்கை ஆராய்ந்தார் போ. உண்மை வழக்கு இன்றுவரை துலங்கவில்லை. 1844இல் எழுந்த ‘களவாடப்பட்ட கடிதம்’ டுப்பன் கதைகள் மூன்றினுள்ளும் தலையாயது. கடிதம் எங்கிருந்ததென்று கூறி உங்கள் இன்பத்தைக் கெடுக்க மாட்டேன். அதனைப் படித்தபோது எனக்குப் பாண்டியன் அவைக்களமே நினைவுக்கு வந்தது. பொற்கொல்லன் சொல்லை அப்படியே கொள்ளாது, சிலம்பு எங்கே, எடுத்தவன் யார் என்று ஆராய ஒரு டுப்பன் அங்கிருந்திருப்பின் மதுரை எரிந்திராது. சிலப்பதிகாரமும் நமக்குக் கிடைத்திராது.

எனினும் என்னை அன்றிரவு உறங்கவிடாதது துப்பறிவோன் இல்லாத கதையொன்று: ‘காட்டிக்கொடுத்த இதயம்’, 1843இல் வெளிவந்தது. கொலைஞனே தன் கொலையைக் கூறுகின்றான். தான் பித்தனல்லன் என்று வற்புறுத்த வற்புறுத்த அவன் பித்து வெளிப்படுகின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்னும் நம் பழமொழிக்கு, அதனைக் கேட்டறியாத ஒருவர் எழுதிய விரிவுரை எனலாம். உளவியல் நாவல் என இன்று பேசப்படுவனவற்றுக்கு ஊற்று இதிலுண்டு. எழுதிய காலத்தில் அவர் வீட்டிலே நிகழ்ந்ததையும் நினைவிற்கொள்ளுங்கள். 1842 தை மாதம் வேர்ஜீனியா பாடிக்கொண்டிருக்கையில் வாயினின்று குருதி வந்தது. கசநோய். ஐந்தாண்டு தேறுவதும் சாய்வதுமாயிருந்து 1847இல் இறந்தாள். இடையிலே, 1845இல், ‘அண்டங்காக்கை’ என்னும் பாட்டால் நாடெங்கும் அவர் புகழ் பரவியது. வறுமை மட்டும் அகலவில்லை.

1849 ஐப்பசி 3ஆந் திகதி, தேர்தல் நாளன்று, பல்ரிமோர் நகர மதுச்சாலையொன்றில் நினைவு தடுமாறிய நிலையிற் போ காணப்பட்டார். உடுத்திருந்த உடைகள் அவருடையனவாகத் தோன்றவில்லை. நான்காம் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். குடி என்பர் சிலர். கள்ளவாக்களிக்கச் செய்யும் கூட்டத்தார் பிடித்தடைத்தனர் என்பர் சிலர். விசர்நாய்க்கடி என்பாரும் உளர். துப்பறியும் கதைக்கு வித்திட்டவரின் மரணம் துப்புத் துலங்காமலே கிடக்கின்றது.

அவர் இறந்த இரண்டாம் நாள், கிறிஸ்வோல்ட் என்னும் பகைவர் பொய்ப்பெயரில் இழித்தெழுதினார். பின்னர் அவரே போவின் நூல்களைத் தொகுத்து, கடிதங்களையும் திரித்து, வாழ்க்கை வரலாறும் வரைந்தார். ஒழுக்கங்கெட்ட பித்தனென்று உலகம் நெடுங்காலம் நம்பியது. கடிதங்களை ஒப்புநோக்கி அத்திரிப்புகளை வெளிப்படுத்திய வரலாற்று நூல் 1941இல் வந்தது. போவின் கதைகளைப் பிரெஞ்சிலே பெயர்த்துப் பெருமை தந்தவர் கவிஞர் பொதலேர். 1887இல் தோன்றிய ஷேர்லொக் ஹோம்ஸ் டுப்பனை இகழ்ந்து பேசினாலும், அவனைப் படைத்த கொனன் டொயில் போவுக்குத் தாம் பட்ட கடனை மறைத்தாரல்லர்.

புதியோர் ‘களவாடப்பட்ட கடித’த்திலே தொடங்குக, பின்னர் ‘மோர்க் வீதிக் கொலைகள்’. ‘காட்டிக்கொடுத்த இதய’த்தைப் பகலிற் படித்தல் நலம். மாரி றோஜே கதை சற்றே நீளும், பொறுமையுள்ளோர்க்கே உரியது.

மாணாக்கனின் நூலை மறுநாள் தருவதாக இருந்தேன். நான்கு நாள் கழித்தே கொடுத்தேன். இரண்டாம் முறை படிக்கவேண்டியிருந்தது.