வான்கலும் அவரது சுழல் இயந்திரமும்

பெலிக்ஸ் வான்கல் என்னும் ஜேர்மனியரின் வரலாற்றை வட்டுக்கோட்டையில் இருந்துகொண்டு நாம் ஏன் எழுதவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். எமது ஊருக்கு வழி கேட்டவருக்குக் கொட்டைப்பாக்கின் விலை சொன்ன கதையாகவும் இது தோன்றலாம். ஆயினும், தோட்டக் கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரத்தின் கயிற்றை இழுத்துக் களைத்த எவருக்கும் இம்மனிதரின் கதையில் அக்கறை ஏற்படவே செய்யும்.

1902இல் லார் நகரில் பிறந்த வான்கல், முதலாம் உலகப் போரில் தந்தையை இழந்தவர், பல்கலைக்கழகம் செல்லாதவர். கிட்டப்பார்வை மிகுந்திருந்தமையால் வாகனச் சாரதி அனுமதிப்பத்திரம்கூட அவரிடம் இருந்ததில்லை. பிஸ்ரன் மேலும் கீழும் ஓடி, ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்புவது அவருக்கு வீண்விரயமாகப் பட்டது. எரிவாயுவின் விசை நேரடியாகச் சுழற்சியாகவே வெளிப்படவேண்டும் என எண்ணிய அவர், 1929இல் தமது முதற் காப்புரிமையைப் பெற்றார்.

அவரது வாழ்வின் இருண்ட பக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. இளமையிலேயே நாஜிக் கட்சியில் இணைந்த அவர், உட்கட்சிப் பிணக்கினால் 1933இல் சிறையிடப்பட்டார். எனினும் விடுதலையான பின்னர் அதே ஆட்சியின் விமானத்துறை அமைச்சுக்காகவே உழைத்தார். விமான இயந்திரங்களின் சுழல் வால்வுகளில் வாயு கசியாது அடைக்கும் வித்தையில் அவர் தேர்ந்தது அக்காலத்திலேதான்.

1957இல் என்.எஸ்.யூ. நிறுவனத்தில் அவரது இயந்திரம் முதன்முதலாக இயங்கியது. அதில் சுழலியோடு அதன் உறையும் சேர்ந்து சுழன்றது. தீப்பொறிச் செருகியை மாற்றுவதற்கே இயந்திரத்தைக் கழற்றவேண்டியிருந்தது. பாஷ்கே என்ற பொறியியலாளர் உறையை நிலையாக நிறுத்தினார். வான்கலுக்கு அது பிடிக்கவில்லை. எமது அனுதாபம் பாஷ்கேயின் பக்கமே; உலகம் ஏற்றுக்கொண்டதும் அவர் தந்த வடிவத்தையே.

இடை சிறுத்த நீள்வட்ட அறைக்குள் முக்கோணச் சுழலி ஒன்று உருள்கிறது. அதன் மூன்று பக்கங்களும் மாறிமாறி எரிபொருட் கலவையை உள்ளிழுத்து, அமுக்கி, எரித்து, புகையை வெளித்தள்ளுகின்றன. வால்வு இல்லை, அதிர்வு குறைவு, இயந்திரமோ சிறியது, எடை குறைந்தது. பிஸ்ரன் இயந்திரம் இவற்றில் எதிலும் இதற்கு ஈடாகாது.

ஆனால், வட்டச் சிலிண்டரை வட்ட றிங்கினால் அடைப்பது இலகு. முக்கோணத்தின் மூன்று முனைகளையும் அடைப்பது அவ்வாறன்று. அம்முனைகள் தேய்ந்தன. அறை நீண்டு ஒடுங்கியிருந்ததால் எரிபொருள் முற்றாக எரியாமற் போயிற்று. 1967இல் வெளிவந்த ‘றோ 80’ கார் மறு ஆண்டிலேயே ஐரோப்பாவின் சிறந்த காருக்கான விருதைப் பெற்றபோதிலும், பழுதான இயந்திரங்களை மாற்றிக் கொடுத்தே நிறுவனம் நலிவுற்றது. 1973இன் எண்ணெய் நெருக்கடி மற்றைய நிறுவனங்களையும் பின்வாங்கச் செய்தது. ஜப்பானின் மஸ்டா மட்டும், யமமோட்டோ என்ற பொறியியலாளரின் பிடிவாதத்தால், இதனைக் கைவிடவில்லை.

சொட்டுப் பெற்றோலும் அரிதாயிருந்த 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவிட்ட பிஸ்ரன் இயந்திரங்களே குடாநாட்டின் தோட்டங்களைக் காத்தன. றிங் தேய்ந்தால் சந்தியிலுள்ள கராச்சிலேயே மாற்றிக்கொள்ளலாம். எரிபொருளை அதிகம் குடிக்கும் சுழல் இயந்திரம், எத்துணை அழகாயினும், அக்காலத்தில் எமக்குப் பாரமாகவே இருந்திருக்கும்.

வான்கல் 1988இல் காலமானார். மூன்றாண்டுகளின் பின், 1991இல், பிரான்சின் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் மஸ்டாவின் சுழல் இயந்திரக் கார் முதலிடம் பெற்றது. 2023இல் அதே நிறுவனம் சுழல் இயந்திரத்தை மீண்டும் காரில் பொருத்தியது. இம்முறை சக்கரங்களை ஓட்டும் வேலை மின்மோட்டாருக்கு. மின்கலத்துக்கு மின்சாரம் ஊட்டும் வேலை சுழலிக்கு.