வென்ற நாட்டை ஈந்த வீரர்

ஐரோப்பாவின் தென்பால் கடலுள் நீண்டு கிடக்கும் இத்தாலி, படத்தில் ஒரே நாடாகத் தோன்றும். ஆயினும் ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் அந்நாடு ஓராட்சியின்கீழ் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லம்பார்டியும் வெனீஷியாவும் ஆஸ்திரியருக்கு அடங்கியிருந்தன. நடுவே போப்பாண்டவர் ஆண்டார். தெற்கே நேப்பிள்ஸும் சிசிலியும் பூர்போன் மரபினர் கையில் இருந்தன. வடமேற்கிலிருந்த பீட்மான்ட் அரசையே நாட்டுப்பற்றுடையோர் பலர் நம்பியிருந்தனர்.

கரிபால்டி 1807ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் நீஸ் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையைப் போலவே மாலுமியானார். மாஜினியின் கொள்கையில் ஈடுபட்டு, முடியரசு நீங்கிக் குடியரசு மலர வேண்டும் என விரும்பினார். 1834ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் கலந்துகொண்டதற்காகப் பீட்மான்ட் அரசு அவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர் தப்பித் தென்னமெரிக்கா சென்று, போர்க்கலை பயின்று, 1848இல் மீண்டார். மறு ஆண்டு ரோம் நகரைக் காக்கப் போராடித் தோற்றுப் பின்வாங்குகையில், உடன்வந்த மனைவி அனிதா நோயுற்று இறந்தார்.

1860ஆம் ஆண்டு அவர் உள்ளத்தைப் புண்படுத்திய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. பீட்மான்ட் முதலமைச்சர் காவூர், பிரெஞ்சு மன்னரின் துணைக்கு விலையாக நீஸ் நகரைப் பிரான்சுக்குக் கொடுத்துவிட்டார். பிறந்த ஊரிலேயே தம்மை அயலவராக்கிய காவூரைக் கரிபால்டி என்றும் மன்னித்திலர்.

அவ்வாண்டு மே மாதம், ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்களுடன் இரண்டு கப்பல்களில் ஏறி அவர் சிசிலியை அடைந்தார். செஞ்சட்டை அணிந்த அச்சிறுபடை மாபெரும் சேனையை முறியடித்தது. செப்டம்பர் 7ஆம் நாள் கரிபால்டி நேப்பிள்ஸ் நகருக்குள் புகுந்தார். தென்னாடு முழுவதற்கும் அவரே தலைவரானார்.

இனி என்ன செய்வது? இங்கேதான் இடர் தொடங்கிற்று. மாஜினி நேப்பிள்ஸுக்கு வந்து, தென்னாட்டை உடனே அரசரிடம் ஒப்புவிக்க வேண்டா என வற்புறுத்தினார். கரிபால்டியோ ரோம் நகர்மீது படையெடுக்க எண்ணினார். ரோமில் பிரெஞ்சுப் படை இருந்தது. அதனைத் தாக்கினால் பிரான்சு பகையாகும். ஆஸ்திரியாவும் காலம் பார்த்திருந்தது. இவற்றுக்கு அஞ்சிய காவூர், அரசர் விக்டர் இம்மானுவேலைப் பெரும்படையுடன் தெற்கே வரச்செய்தார். காவூரைக் குறைகூறுதல் எளிது. ஆனால் அவருடைய அச்சம் வீணன்று. இரு படைகளும் மோதியிருப்பின், ஒன்றாக வேண்டிய நாடு உள்நாட்டுப் போரில் அழிந்திருக்கும்.

கரிபால்டி சில நாள்கள் தயங்கினார். பின்னர், மக்களே முடிவு செய்யட்டும் என இசைந்தார். அக்டோபர் 21ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் மிகப் பெரும்பாலோர் அரசரின் கீழ் ஒன்றுபட்ட இத்தாலியையே வேண்டினர். அக்டோபர் 26ஆம் நாள், தியானோ என்னும் ஊரருகே குதிரைமீது வந்த அரசரை எதிர்கொண்டு, கரிபால்டி அவரை இத்தாலியின் மன்னராக வாழ்த்தினார். குடியரசு வேண்டிய நெஞ்சுக்கு அச்செயல் எத்துணை அரிதாயிருந்திருக்கும்!

அத்துறவுக்கு ஏற்ற நன்றி கிட்டவில்லை. செஞ்சட்டைத் தொண்டர்களைப் பார்வையிட வருவதாகச் சொன்ன அரசர் வரவில்லை. தமக்கு அளிக்க முன்வந்த பட்டத்தையும் பொருளையும் கரிபால்டி மறுத்தார். நவம்பர் 9ஆம் நாள், தம் நிலத்தில் விதைக்க ஒரு மூட்டை விதையுடன் கப்பலேறி, காப்ரேரா என்னும் சிறு தீவிலிருந்த தம் இல்லத்திற்குச் சென்றார்.

1861ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் இத்தாலிய அரசு அறிவிக்கப்பட்டது. ஆனால் வெனிசும் ரோமும் அதில் சேரவில்லை. 1862இல் ரோமை நோக்கிப் புறப்பட்ட கரிபால்டியை, ஆஸ்ப்ரொமான்டே மலையில் அவ்வரசின் படையே சுட்டது. குண்டு பாய்ந்த காலுடன் அவர் சிறைப்பட்டார். வெனிசு 1866இலும், ரோம் 1870இலும் இணைந்தன.

1882ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள் கரிபால்டி காப்ரேராவில் உயிர்நீத்தார். அவர் பிறந்த நீஸ் நகரம் மட்டும் இன்றும் பிரான்சு நாட்டிலேயே உள்ளது.